எண்ணூரில் என்ன இருக்கிறது?



எண்ணூரிலிருந்து ஒரு தாயார் மடல் எழுதியுள்ளார். ஏழாம் வகுப்பில் பயிலும் அவர்தம் மகனுக்குப் பள்ளியில் ஒரு பணி தந்தனராம். ‘எங்கள் ஊரின் தொன்மைச் சின்னங்கள்’ என்று இரண்டு பக்கம் எழுதி வர வேண்டும். சிறுவன் வீட்டிலுள்ளோர் எல்லாரையும் கேட்டிருக்கிறான். “புகைபோக்கியையும் சாம்பலையும் தவிர நம் ஊரில் என்னடா இருக்கிறது? மாமல்லபுரத்தைப் பற்றி எழுதிக்கொண்டு போ” என்றாராம் பாட்டனார். அவனும் அவ்வாறே எழுதி, குறைந்த மதிப்பெண்ணோடு வீடு திரும்பினான். “உண்மையிலேயே எங்கள் ஊரில் ஒன்றுமில்லையா?” என்பது அத்தாயாரின் வினா.

இவ்வினா எண்ணூருக்கு மட்டும் உரியதன்று. தொன்மை என்றதும் கோபுரத்தையும் கோட்டையையும் தேடிப் பழகிவிட்டோம். இங்கிலாந்து நாட்டுப்புற மக்கள் இவ்வகையில் நமக்கு ஒன்றைக் கற்றுத் தருகின்றனர். அங்கே ‘பங்கு’ என்பது கோயிலையும் அதன் மக்களையும் மட்டுமல்லாது, எல்லை வகுத்த நிலப்பரப்பையும் குறிக்கும் சொல். அந்நிலத்திலுள்ள மேடு, பள்ளம், பழைய உழவுச்சால், தூர்ந்த குளம், வேலி, ஒற்றையடிப் பாதை ஆகிய யாவற்றையும் அவர்கள் குறித்து வைக்கின்றனர். மாவட்டந்தோறும் பங்கு பங்காக வரலாறு எழுதும் பெரும்பணி ஒன்று அங்கே 1899ஆம் ஆண்டில் தொடங்கி இன்றளவும் முடிந்தபாடில்லை. யார்க்ஷயரில் வாரம் பெர்சி என்றொரு சிற்றூர் இருந்தது. ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் குடிகள் நீங்கிப் பாழாயிற்று. இன்று அங்கே கூரையிழந்த ஒரு கோயில் நிற்கிறது; சுற்றிலும் புல் மூடிய மேடுகள். அம்மேடுகளை 1950 முதல் 1990 வரை நாற்பது ஆண்டுகள் அகழ்ந்து, குடியானவர் வீடுகள் எவ்வாறு இருந்தன என்பதை அறிந்தனர். அரசன் எவனும் அங்கே வாழ்ந்ததில்லை. ஆயினும் அதனைப் பொருட்படுத்தினர்.

அக்கண்ணோடு எண்ணூரைப் பார்ப்போம். முதலில் ஆறு. எண்ணூரில் கடல் கலக்கும் கொசஸ்தலையாற்றை நம்மவர் பலர் கழிவுநீர் ஓடை என்றே எண்ணுகின்றனர். அந்த ஆற்றின் பள்ளத்தாக்கில்தான், சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், அத்திரம்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. புவியியலாளர் இராபர்ட் புரூஸ் பூட் 1863ஆம் ஆண்டு மே திங்களில் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில், வில்லியம் கிங் என்பவரோடு சென்று அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். 1999 முதல் சாந்தி பப்பு அவர்களும் குழுவினரும் அங்கே முறையாக அகழ்ந்தனர். மண்ணடுக்குகளின் காந்தத் திசையையும், கல்லில் தங்கிய அணுக்களின் அளவையும் கொண்டு அவர்கள் கணித்த முடிவு 2011இல் வெளியாயிற்று. அங்குள்ள கைக்கோடரிகள் குறைந்தது பத்து இலட்சம் ஆண்டுகள், பெரும்பாலும் பதினைந்து இலட்சம் ஆண்டுகள் பழமையானவையாம்! மாமல்லபுரத்தின் வயது 1,300 ஆண்டுகளுக்குச் சற்று மேல். தம்பி, உன் பாட்டனாரிடம் இக்கணக்கைப் பணிவோடு சொல்லிப் பார்.

இரண்டாவது, ஊருக்குள்ளேயே ஓடும் கால்வாய். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் தொலைவுக்கு ஓர் உப்புநீர்க் கால்வாயை வெட்டினர். கொக்கரேன் கால்வாய் என்று அதனை வழங்கினர். 1837இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டு வடக்கும் தெற்குமாக நீட்டிற்று. 1876 முதல் 1878 வரை வந்த கொடும் பஞ்சத்தில், பட்டினியால் வாடிய மக்களுக்கு வேலை தருவதற்காக நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டுவித்தனர். ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை அதற்கு இட்டனர். பிரபு மண் சுமக்கவில்லை. சுமந்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. இன்று ஆந்திரத்தில் 257, தமிழகத்தில் 163 என மொத்தம் 420 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கால்வாய்க்கு எண்ணூர்த் துண்டுதான் மூத்த பிள்ளை. அதில் உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் சென்றன. சில இடங்களில் ஆள்கள் கரையோரம் நடந்து கயிற்றால் தோணியை இழுத்தனர். அவ்வாறு தேய்ந்த கரைப்பாதையை இங்கிலாந்தில் கண்டால் பலகை நட்டு வைப்பார்கள். நாம் குப்பை கொட்டுகிறோம்.

கால்வாயைச் சொன்னால் உப்பளத்தையும் சொல்ல வேண்டும். 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு, கும்பினியாரின் தனியுரிமை ஆயிற்று. மறு ஆண்டே இக்கால்வாய் எழுந்தது. பாத்தியும் வரப்பும் வாய்க்காலுமாக மனிதர் கையால் சமைத்த நிலம் அது. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கங்களில் அந்நிலத்தில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கும் துறைமுகப் பணிகளுக்குமாக மேடாக்கப்பட்டுவிட்டது. மேடான பின் அங்கே ஓர் உப்பளம் இருந்ததென்று சொன்னால் நம்பச் சான்று வேண்டாமா?

கடலும் இவ்வகையில் சும்மா இருக்கவில்லை. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திச் செல்லும். சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் 1870களின் நடுவில் எழத் தொடங்கியதும் அம்மணல் தெற்கே தடைபட்டது. மெரீனா அகன்றது அவ்வாறுதான். வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை மணல் வரத்து இன்றிக் கரை கரைந்தது. மெரீனாவில் சுண்டல் தின்போர் காலடியில் கிடக்கும் மணல், ஒரு வகையில், வடசென்னைக் குப்பங்களுக்கு வந்து சேராத மணல். இன்று நம் கரையில் அடுக்கிக் கிடக்கும் கருங்கற்களும் வரலாற்றுச் சின்னங்களே. பெருமைக்குரியவை அல்ல என்பது வேறு.

சற்றுத் தெற்கே திருவொற்றியூர்க் கோயிலைப் பலரும் அறிவர். ஆயினும் அதன் கல்வெட்டுகளில் ஒன்று சொல்லும் கதையை அறிந்தவர் சிலரே. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டான். அவனுடைய நண்பனும் படைத்தலைவனுமான ஒருவன், கேரள நாட்டவன், அன்று அவனருகில் இல்லை. ‘உடன் நின்று உயிர்விடாமற் போனேனே’ என்னும் துயரம் அவனை விடவில்லை. கங்கையாடி, துறவு பூண்டு, திருவொற்றியூர் வந்து சதுரானன பண்டிதர் என்னும் பெயரோடு மடத்தில் வாழ்ந்தான். இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன் காலத்துக் கல்வெட்டு, அவன் கோயிலுக்குப் பொன் அளித்ததைக் கூறுகிறது. சமயம் எதுவாயினும், நண்பனை இழந்தவன் நெஞ்சம் நமக்கு விளங்காததன்று. பின்னர் அம்மடத்தின் வழிவந்த மற்றொரு சதுரானன பண்டிதரின் தூண்டுதலால், முதலாம் இராசேந்திரன் காலத்தில் கருங்கல் விமானம் எழுந்தது. யானையின் பின்புறம்போல் வளைந்த அவ்வடிவைத் தூங்கானை மாடம் என்பர். அதே கோயிலில் பாணினியின் இலக்கணம் கற்பிக்க ஒரு மண்டபமும் இருந்தது.

இன்னும் தெற்கே வந்தால் இராயபுரம். இராயப்பர் பெயரால் அமைந்த ஊர் என்பர். அங்குள்ள புனித இராயப்பர் ஆலயத்தைக் கட்டியவர்கள் செல்வர்கள் அல்லர். அலைமறித்துக் கப்பலுக்கும் கரைக்கும் சரக்கேற்றிய படகோட்டிகள். 1856இல் தென்னாட்டின் முதல் இரயில் புறப்பட்ட நிலையக் கட்டடம் அதே ஊரில் இன்றும் நிற்கிறது.

இவை யாவும் நூல்களில் உள்ளவை. என் கவலை நூல்களில் இல்லாதவற்றைப் பற்றியது. கழிமுகத்தில் வலைவீசும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நமக்கு ஒரே தண்ணீராகத் தெரியும் பரப்பில் அவர்கள் ஒவ்வொரு மடுவுக்கும் திட்டுக்கும் ஒரு பெயர் சொல்வார்கள். பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில் யார் எந்நாளில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பங்கிடும் வழக்கம் அது. இடத்துக்குப் பெயர் இல்லையேல் முறை ஏது? அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மடு தூர்ந்தால், மடுவோடு அதன் பெயரும் போகும். 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, எண்ணூர்க் கழிமுகத்தில் படகும் வலையும் கறுத்தபோது எத்தனை மீன் மடிந்தது என்று பலரும் கேட்டனர். பெயர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆகவே எண்ணூர்த் தாயாருக்கு ஒரு வேண்டுகோள். தம்பிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். மாமல்லபுரத்துக்குப் போகச் சொன்ன அந்தப் பாட்டனாரையே உட்கார வைத்து, அவர் அறிந்த மடு, திட்டு, தோணித்துறை, உப்பளம், கரைந்துபோன தெரு ஆகியவற்றின் பெயர்களை எழுதச் சொல்லுங்கள். பங்குத்தந்தையின் இசைவு கிடைத்தால் பழைய திருமணப் பதிவேட்டையும் புரட்டலாம். மணமக்கள் ஊரும் தொழிலும் அதில் இருக்கும். இன்று வரைபடத்தில் இல்லாத குப்பங்கள் அதில் உயிரோடு இருக்கக்கூடும். நோட்டின் ஒரு படியை நமக்கு அனுப்பினால் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வோம். மற்றப் பங்குகளின் பிள்ளைகளும் அனுப்பலாம்.

அடுத்த திங்கள் வடக்கே நடந்து, 1613இல் டச்சுக்காரர் கோட்டை எழுப்பிய பழவேற்காட்டுக்குச் சென்று, அவர்தம் கல்லறைக் கற்களைப் பார்ப்போம்.