மும்மடியை மறந்தவர்

“சமநிலை மாறிலிக் கணக்கில் மும்மடியை மறந்தேன், விடை சிறிதே பிசகிற்று, அதற்காகப் புள்ளி முழுவதையுங் கழிப்பது நீதியோ?” என்று மாணவரொருவர் எம்மை வினவியுள்ளார். நீதியை அவர்தம் ஆசிரியரிடமே விட்டுவிடுவோம். பிசகு சிறிதன்று என்பதை மட்டும் ஈண்டுக் காட்டுவோம்.

நைதரசன் ஒரு பங்கும் ஐதரசன் மூன்று பங்கும் கூடி அமோனியா இரண்டு பங்காகும். ஆதலின், அமோனியாவின் பகுதியமுக்கத்தை இருமடியாக்கி, அதனை நைதரசனின் பகுதியமுக்கத்தாலும், ஐதரசனின் பகுதியமுக்கத்தின் மும்மடியாலும் வகுத்தல் வேண்டும். ஜெர்மானிய அறிஞர் பிரிட்ஸ் ஹேபர் 1907ஆம் ஆண்டளவிற் கண்ட அளவையே எடுத்துக்கொள்வோம். 1000 பாகை சதமத்தில், மொத்த அமுக்கம் ஒரு வளிமண்டலமாயிருக்க, அமோனியா நூற்றுக்கு 0.0048 பங்கே. எஞ்சியதில் நைதரசன் 0.25, ஐதரசன் 0.75 வளிமண்டலம் எனக் கொள்ளலாம். (அமோனியா மிகச் சொற்பமாதலால் அதனைக் கழியாது விட்டோம், எல்லாக் கணக்கிலும் அவ்வாறு செய்தல் ஆகாது.) 0.000048இன் இருமடியை 0.25ஆலும், 0.75இன் மும்மடியாகிய 0.422ஆலும் வகுக்க, மாறிலி பத்துக் கோடியில் 2.2 பங்காகும். மும்மடியை மறந்தவர்க்கு 1.2 பங்கே கிடைக்கும்.

இனி அமுக்கத்தை 200 வளிமண்டலமாக உயர்த்துவோம். நைதரசன் 50, ஐதரசன் 150. முறைப்படி கணித்தால் அமோனியா நூற்றுக்கு ஏறக்குறைய 1 பங்காக, அஃதாவது இருநூறு மடங்காக ஏறுகின்றது. மும்மடியை மறந்தவர் தம் மாறிலியைக் கொண்டு கணித்தாலோ, பழைய 0.0048 பங்கே மீண்டும் வந்து நிற்கும்! அமுக்குவதாற் பயனில்லையென்று அவர் பொறியை நிறுத்திவிட்டு வீடு திரும்பியிருப்பார்.

இத்துணைச் சிறிய எண்களுக்காகப் பெரும் பூசலும் நிகழ்ந்ததுண்டு. 1907இல் ஹம்பேர்க் நகரிற் கூடிய பன்சன் சங்கத்தில், வால்தர் நேர்ன்ஸ்ட் என்னும் பேரறிஞர், அவ்வெப்பநிலைக்குரிய அளவு 0.0032 என்றும் ஹேபரின் அளவு பிழையென்றும் பலர் முன்னிலையிற் கண்டித்தார். ஹேபர் மனம் நொந்தார், ஆயினும் ஓயவில்லை. லெ ரொஸிஞோல் என்னும் துணைவருடன் உயர் அமுக்கத்தில் மீண்டும் அளந்தார். அவருடைய எண்ணே மெய்க்கு அண்மையதாயிற்று. வெப்பத்தைத் தணித்து, ஊக்கி சேர்த்து, அமுக்கத்தை உயர்த்தி, 1909இல் திரவ அமோனியாவைச் சொட்டுச்சொட்டாக வடித்துக் காட்டினார். 1913இல் ஒப்பாவில் தொழிற்சாலை எழுந்தது. முதல் உலகப் போரின் ஜெர்மானிய வெடிமருந்துக்கும், இன்று நம் வயலுக்கிடும் யூரியாவுக்கும் அவ்வமோனியாவே மூலம்.

அதே 1000 பாகையில் அமுக்கம் 100 வளிமண்டலமாயின் அமோனியா நூற்றுக்கு எத்தனை பங்கு? மாணவர்கள் கணித்துப் பார்க்க. விடை அடுத்த ஞாயிறு.