'சார், ஒரு நிமிஷம்...' நன்கொடை கேட்பவர்களின் வேலை எப்படி மாறியிருக்கிறது? முன்னேற என்ன தெரிய வேண்டும்?

மால் வாசல், மெட்ரோ நிலையம், ஐடி நிறுவன கேன்டீன்... கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட்டுடன் "சார், ஒரு நிமிஷம்" என்று நிறுத்தும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். நம்மில் பலர் போன் பேசுவதுபோல நடித்து நகர்ந்துவிடுவோம். அவர்கள் தொண்டு நிறுவனங்களுக்காக நிதி திரட்டும் 'ஃபண்ட்ரெய்சர்கள்'.

நல்லா பேசத் தெரிஞ்சா போதும் என்பதுதான் இந்த வேலை பற்றிய பொதுவான எண்ணம். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் வரி, வங்கி, வெளிநாட்டு நிதி என எல்லாப் பக்கமும் விதிகள் மாறிவிட்டன. பேச்சை மட்டும் நம்பி இந்தத் துறையில் நிற்பது இனி கஷ்டம்.

'வரிச் சலுகை உண்டு சார்' இனி எடுபடுமா?

நன்கொடை கேட்பவர்களின் பெரிய ஆயுதமே 80ஜி வரிச் சலுகைதான். ஆனால் அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரி முறைதான் இயல்பாகப் பொருந்தும். பழையது வேண்டுமென்றால் நாமாகத் தேர்வு செய்ய வேண்டும். 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்குப் பொதுவாக வரியே இல்லை. அப்படிப்பட்ட ஒருவரிடம் 80ஜி பற்றிப் பத்து நிமிஷம் பேசி என்ன பயன்?

பழைய முறையில் இருப்பவர்களிடமும் ஒரு குழப்பம் உண்டு. "50 சதவீதம் சலுகை" என்று சொன்னதும், கொடுத்ததில் பாதி திரும்பி வரும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கணக்கு அப்படி இல்லை. 10,000 ரூபாய் கொடுத்தால், வரி போடும் வருமானத்தில் 5,000 ரூபாய் குறையும். 30 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சமாவது சுமார் 1,500 ரூபாய். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கு இந்தச் சலுகையும் கிடையாது. இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லாமல் விட்டால், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது அந்த நன்கொடையாளர் கோபமாகத்தான் போன் செய்வார். அடுத்த வருஷம் அவர் பணம் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று, பான் எண். 2021-22 நிதியாண்டு முதல் தொண்டு நிறுவனங்கள் நன்கொடையாளர் விவரங்களை படிவம் 10பிடி-யில் வருமான வரித்துறைக்குத் தர வேண்டும். அதன்பிறகு நன்கொடையாளருக்கு 10பிஇ சான்றிதழ் போக வேண்டும். இரண்டுக்கும் கடைசி நாள் மே 31. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். வெயிலில் நின்றபடி டேப்லெட்டில் ஒரு எழுத்தைத் தப்பாகத் தட்டினால்கூட நன்கொடையாளரின் சலுகை சிக்கலாகிவிடும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பழகிப்போன பிரிவு எண்களும் மாறுகின்றன. மறுபடியும் படிக்க வேண்டியதுதான்!

மாதாமாதம் வரும் பணத்துக்கு என்ன ஆச்சு?

தொண்டு நிறுவனங்களுக்கு உயிர்நாடி மாதச் சந்தா. 2021 அக்டோபர் 1 முதல் கார்டில் தானாகப் பிடிக்கும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கி புதிய விதியைக் கொண்டுவந்தது. முதலில் கூடுதல் சரிபார்ப்பு. பிறகு ஒவ்வொரு முறையும் பணம் பிடிக்க 24 மணி நேரத்துக்கு முன் தகவல். நமக்கு இது பாதுகாப்பு. ஃபண்ட்ரெய்சருக்கோ ஒவ்வொரு மாதமும் ஒரு பரீட்சை. அந்த மெசேஜைப் பார்த்ததும் "இது எதுக்குப் போகுது?" என்ற கேள்வி வரும். போன மாதம் அந்தப் பணத்தில் என்ன நடந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் நன்கொடை தொடரும். இல்லையென்றால் ஒரே தட்டில் ரத்து.

அதனால் இந்தத் துறையில் மேலே போகிறவர்கள் பெரும்பாலும் நிறைய பேரைச் சேர்த்தவர்கள் அல்ல, சேர்ந்தவர்களைத் தக்கவைத்தவர்கள். பணம் கேட்காமல் ஒரு நன்றி அழைப்பு, களத்துக்கு நேரில் போய்ப் பார்த்துவந்து நாலு வரி, யாரிடம் என்ன பேசினோம் என்று எக்செல்லில் ஒரு குறிப்பு. இதையெல்லாம் டார்கெட் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை என்பது வேறு கதை.

சம்பளம் எங்கிருந்து வரும்?

இதுதான் யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம். 'ஒவ்வொரு ரூபாயும் ஏழைக்கே போகணும்' என்று எதிர்பார்க்கிறோம். அந்த ரூபாயைக் கேட்டு வாங்கியவருக்கு யார் சம்பளம் தருவது? வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் செய்த திருத்தம், நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு தொண்டு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் தடை வந்தது. பெரிய அமைப்புகளை நம்பியிருந்த சிறிய அமைப்புகள் சொந்தமாக நிதி தேட வேண்டிய நிலை. ஆள் தேவை அதிகம், ஆளுக்குக் கொடுக்கப் பணம் குறைவு.

அடுத்த வழி, நிறுவனங்களின் சிஎஸ்ஆர் நிதி. குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இங்கே பேச்சுவார்த்தையில் அடிக்கடி கேட்கும் வசனம், "நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதத்துக்கு மேல் தர முடியாது, சட்டம் அப்படி". உண்மையில் அந்த 5 சதவீத வரம்பு, நிதி தரும் நிறுவனத்தின் சொந்த நிர்வாகச் செலவுக்கானது. திட்டத்தை நடத்தும் தொண்டு நிறுவனத்தின் செலவு அதில் வராது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் விளக்கமும் கொடுத்தது. இந்த ஒரு விஷயம் தெரிந்தவர், தன் குழுவின் சம்பளத்தையும் பட்ஜெட்டில் தயங்காமல் எழுதலாம்.

திரட்டிய தொகையில் இத்தனை சதவீதம் என்று கமிஷன் கொடுத்தால் பிரச்னை தீராதா? அமெரிக்காவிலுள்ள நிதி திரட்டுவோர் சங்கமான ஏஎஃப்பி-யின் நெறிமுறைகள் அதை அனுமதிப்பதில்லை. காரணம் எளிது: கமிஷன் வந்துவிட்டால் "பாதி திரும்பி வரும் சார்" என்று அடித்துவிடும் ஆசையும் வந்துவிடும். சர்வதேச அளவில் சிஎஃப்ஆர்இ என்ற சான்றிதழ் தேர்வு இருக்கிறது. 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் இங்கே தொடக்க நிலையில் இருப்பவருக்கு அதைவிட முதலில் தேவை, தன் அமைப்பின் தணிக்கை அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறன்.

நன்கொடை தருபவர் நீங்கள் என்றால், அடுத்த முறை யாராவது நிறுத்தும்போது அமைப்பின் பதிவு எண், பணம் போகும் வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, 10பிஇ சான்றிதழ் எப்போது வரும் என்று கேட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்தவர் சட்டென்று பதில் சொல்வார். பணம் கொடுத்துவிட்டால், மே 31 தாண்டியும் சான்றிதழ் வரவில்லையா என்று மட்டும் ஒருமுறை மெயிலைத் தேடிப் பாருங்கள்.