எந்தக் கார் நம்பகமான கார்? கம்பெனிப் பெயருக்குக் காவடி தூக்குவோருக்கு ஒரு பதில்

லால்குடி கடைத்தெருவில் ஒரு டீக்கடை. காலை ஆறு மணிக்கு அங்கே கூடுவோரில் சொந்தக் கார் வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. வாழைத்தார் ஏற்றும் கூலித் தொழிலாளிகள், வாடகைக் கார் ஓட்டும் டிரைவர்கள், திருச்சிக்குப் பஸ் பிடிக்கும் மில் தொழிலாளிகள், நடவுக்குப் புறப்பட்ட விவசாயத் தொழிலாளிகள் - இவர்கள்தான். ஆயினும் சென்ற வாரம் அங்கே சூடு பறந்த வாதம் எதைப் பற்றி? எந்தக் கம்பெனிக் கார் நம்பகமானது என்பதைப் பற்றி!

ஒருவர் மாருதி என்றார். இன்னொருவர் டொயோட்டாவை மிஞ்ச உலகில் வேறு வண்டியில்லை என்றார். மூன்றாமவர் டாடாவின் தகட்டுக்கு ஈடில்லை என்று பெஞ்சைத் தட்டினார். வயதான டிரைவர் ஒருவர், "அம்பாசிடர் போனதோடு காரும் போச்சு தம்பி" என்று பெருமூச்சு விட்டார்.

கார் வாங்க வழியற்ற நமக்கு இந்த வாதம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். தோழர்களே, நமக்குத்தான் இது தேவை! காரைச் செய்பவன் தொழிலாளி. அதை ஓட்டுபவன் தொழிலாளி. நடுரோட்டில் நின்றுபோனால் கீழே படுத்துப் பழுது பார்ப்பவன் தொழிலாளி. பிரேக் பிடிக்காமல் போனால் ஓரத்தில் நடந்து வந்து அடிபடுபவனும் பெரும்பாலும் தொழிலாளியே. விலை கொடுத்தவனுக்கு மட்டும்தான் பேச உரிமை உண்டு என்பது முதலாளிகளின் நியாயம். அது நம் நியாயமல்ல.

பட்டியல் போடும் பண்டிதர்கள்

ஆண்டுதோறும் முதலாளித்துவப் பத்திரிகைகள் நம்பகமான கார்கள் என்று பட்டியல் வெளியிடுகின்றன. எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கார் வாங்கியவர்களைக் கேட்டு, 100 காருக்கு எத்தனை பழுது என்று எண்ணுகிறார்கள். கணக்கு வேண்டியதுதான், நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் டிரைவரின் முதுகுவலி உண்டா? மெக்கானிக்கின் பேச்சு உண்டா? பழுதான பாகத்துக்குக் கம்பெனி என்ன விலை வாங்கியது என்பது உண்டா? பட்டியலின் பக்கத்திலேயே அதே கம்பெனியின் அரைப்பக்க விளம்பரம் மட்டும் தவறாமல் உண்டு!

மில் தொழிலாளிக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ரிங் பிரேமின் மேல் எந்தக் கம்பெனிப் பெயர் வார்த்திருந்தால் என்ன? காலத்தில் எண்ணெய் விட்டு, தேய்ந்த பாகத்தை மாற்றி, பிட்டர் கவனித்தால் மிஷின் ஓடும். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று முதலாளி பாகம் வாங்க மறுத்தால், சீமை மிஷினும் நூலை அறுத்துத் தள்ளும். வயல்காட்டு பம்புசெட்டுக்கும் இதே கதைதான். கார் மட்டும் வானத்திலிருந்து குதித்ததா?

மூன்று கார்களின் கதை

சுதந்திரத்துக்குப் பின் பல்லாண்டுக் காலம் இந்நாட்டில் முக்கியமாக மூன்று கார்களே ஓடின. உத்தர்பாராவில் பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-ம் ஆண்டில் அம்பாசிடரை வெளியிட்டது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டிதான் அது. பெயர் மட்டும் புதிது. பம்பாய் குர்லாவில் வால்சந்தின் பிரீமியர் கம்பெனி இத்தாலிய பியட்டைச் செய்தது. நமது சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961-ல் ஹெரால்டைக் கொண்டு வந்தது.

வெளிநாட்டுக் கார் உள்ளே வராமல் சர்க்கார் இம்முதலாளிகளுக்கு அரண் கட்டிக் கொடுத்தது. சொந்தத் தொழிலை வளர்க்க அரண் கட்டியதை நாம் குறை கூறவில்லை. அரணுக்குள் அமர்ந்தவர்களிடம் தரத்தைக் கேட்டு வாங்கவில்லையே, அதைத்தான் குறை கூறுகிறோம். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் ஜனங்கள் காத்துக் கிடந்தனர். வந்து சேர்ந்த வண்டியோ கதவு சரியாக மூடாது. மழை பெய்தால் உள்ளே ஒழுகும். கார்களின் தரம் கெட்டுவிட்டதென்று கூக்குரல் எழும்பி, 1967-ல் அதை விசாரிக்கவென்றே மத்திய சர்க்கார் ஒரு குழுவை அமைக்க நேர்ந்தது.

அப்படியானால் அந்த வயதான டிரைவர் அம்பாசிடருக்காக ஏன் பெருமூச்சு விட்டார்? அவர் சொன்னதிலும் உண்மை உண்டு. எளிய என்ஜின், கனத்த உடல், எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும். ஸ்பானரும் சுத்தியும் வைத்திருந்த மெக்கானிக் எவரும் அதைப் பிரித்துச் சேர்த்துவிடுவார். லால்குடியில் நின்றால் லால்குடியிலேயே ஓட வைக்கலாம். கல்லக்குடியில் நின்றால் கல்லக்குடியிலேயே ஓட வைக்கலாம். அந்த நம்பகத்தைத் தந்தது பிர்லாவா? இல்லை! புளியமரத்தடியில் எண்ணெய்க் கறையோடு உட்கார்ந்திருந்த நம் தோழன் தந்தான். புகழை மட்டும் பிர்லா எடுத்துக்கொண்டார்.

சென்னைக் கம்பெனியின் கதை இன்னும் வேடிக்கை. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஆடம்பரக் கார் ஒன்றை இறக்கினார்கள். வெளித்தோற்றம் சீமை ரோவர். உள்ளே இருந்ததோ 1940-களின் வான்கார்டு காலத்துப் பழைய என்ஜின்! கிழவனுக்குப் பட்டு ஜிப்பா மாட்டி மாப்பிள்ளை என்றது போல் ஆயிற்று. சில ஆண்டுகளிலேயே வண்டியும் நின்றது, தொழிற்சாலையும் நின்றது. பழைய என்ஜினைப் போடச் சொன்னது தொழிலாளியல்ல. தெருவுக்கு வந்தது மட்டும் தொழிலாளி.

பொதுத்துறையில் பிறந்த வண்டி

"தனியார் போட்டிதான் நல்ல காரைத் தந்தது, யூனியனும் சர்க்காரும் தொட்டதெல்லாம் கெடும்" என்று கூசாமல் எழுதுவோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கேள்வி. காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்புகிற, குறைந்த பெட்ரோலில் ஓடுகிற வண்டி என்று நடுத்தர மக்கள் கொண்டாடிய மாருதி 800 எங்கே பிறந்தது? 1981-ல் சர்க்கார் நிறுவிய மாருதி உத்யோகில்! ஜப்பானின் சுசுகி அன்று சிறுபங்குக்காரர். தொழில்நுட்பம் அவர்களுடையது, பெரும்பங்கு மூலதனம் நாட்டு மக்களுடையது. 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்தது. தனியார் முதலாளிகள் கால் நூற்றாண்டாகச் செய்யாததைப் பொதுத்துறை செய்து காட்டியது.

பிறகு நடந்தது என்ன? 2002-ல் கம்பெனியின் பிடி சுசுகியின் கைக்குப் போயிற்று. 2007-ல் சர்க்கார் தன் கடைசிப் பங்கையும் விற்றுக் கை கழுவியது. கறக்கிற பசுவை விற்றுவிட்டு, "சர்க்காருக்கு மாடு வளர்க்கத் தெரியாது" என்கிறார்கள்!

ஒரே பெயர், இரண்டு விலை உயிர்

கம்பெனிப் பெயரை நம்பலாமா என்பதற்கு 2014 ஜனவரியில் ஒரு பரீட்சை நடந்தது. குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சிறிய கார்களை மோதவிட்டுப் பார்த்தது. மாருதி ஆல்டோ, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, போர்டு பிகோ, வோக்ஸ்வேகன் போலோ. ஜப்பான், இந்தியா, கொரியா, அமெரிக்கா, ஜெர்மனி என்று ஐந்து நாட்டுப் பெயர்கள். பெரியவர்களின் உயிரைக் காப்பதில் ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்யம்!

அடுத்ததைக் கவனியுங்கள் தோழர்களே. அதே போலோவில் ஏர்பேக் வைத்து - அதாவது மோதும் கணத்தில் விரிந்து தலையையும் நெஞ்சையும் தாங்கும் பையை வைத்து - மறுபடி சோதித்தபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. பெயரும் அதே பெயர். கம்பெனியும் அதே கம்பெனி. பைகளை வைத்தால் நான்கு. லாபத்துக்காக எடுத்துவிட்டால் பூஜ்யம். வைக்கத் தெரியாமலா விட்டார்கள்? சட்டம் கேட்கவில்லை, எனவே வைக்கவில்லை! டிரைவருக்காவது ஓர் ஏர்பேக் இருக்க வேண்டும் என்பது இந்நாட்டில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்குள் எத்தனை டிரைவர்களின் நெஞ்சு ஸ்டியரிங்கில் மோதியிருக்கும்!

நேர்மைக்குப் பெயர் போனதாகச் சொல்லப்பட்ட இந்த வோக்ஸ்வேகனே, புகைப் பரிசோதனையை ஏமாற்றும் சூழ்ச்சியை வண்டிக்குள் ஒளித்து வைத்து 2015-ல் அகப்பட்டுக்கொண்டது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள்! பெயரை நம்பியவன் வாங்கிய புகை அது.

தள்ளிய குதிரை குழியும் பறித்தது

கீழே தள்ளிய குதிரை குழியும் பறித்தது என்பார்கள். வண்டியை விற்ற கம்பெனி, பழுது பார்க்கும் பிழைப்பையும் பறிக்கிறது. இன்றைய வண்டிகளில் பழுதைக் கண்டுபிடிக்க ஸ்பானர் போதாது. கம்பெனியின் ஸ்கேனர் கருவி வேண்டும், கையேடு வேண்டும், அசல் பாகம் வேண்டும். இவற்றை வெளி மெக்கானிக்குக்குத் தர மறுத்தார்கள். லால்குடி ரோட்டில் இருபது ஆண்டுகள் பட்டறை நடத்திய தோழர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "முன்னெல்லாம் சத்தத்தைக் கேட்டே சொல்லிடுவேன். இப்போ விளக்கு எரியுது, என்னன்னு அந்த மெஷினுக்குத்தான் தெரியும். வண்டியைத் திருச்சிக்குக் கட்டி இழுக்கறாங்க. நான் பஞ்சர் ஒட்டறேன்."

இது ஒரு தனி மனிதரின் புலம்பலல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்தது. பாகங்களையும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்து, விலையை ஏற்றிக் கொள்ளையடித்தார்கள் என்பதே குற்றம். அபராதம் சுமார் 2,545 கோடி ரூபாய்! பட்டியலைப் பாருங்கள்: மாருதி, டாடா, மகிந்திரா, டொயோட்டா, ஹோண்டா, போர்டு, வோக்ஸ்வேகன், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்... டீக்கடையில் நாம் யாருக்காகச் சண்டை போட்டோமோ, அத்தனை பேரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்! விளம்பரத்தில் ஒருவரையொருவர் முறைப்பவர்கள், நம் பையில் கைவிடும்போது அண்ணன் தம்பிகள். தீர்ப்பு வந்ததும் மேல்முறையீட்டுக்கு ஓடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டுமா?

பெயர் விலை போகிறது, வேலை பறிபோகிறது

2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையின் வாசலில் வேலை நிறுத்திவைப்பு என்று ஒரு நோட்டீஸ் தொங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வெளியே நின்றனர். 57 ஆண்டுகள் ஓடிய அம்பாசிடர் அன்றோடு நின்றது. 2017-ல் அந்தப் பெயரை மட்டும் பிரான்ஸின் பியூஜோ கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். வண்டியுமில்லை, ஆலையுமில்லை, வெறும் பெயர் 80 கோடி! அந்தப் பெயருக்கு மதிப்பைச் சேர்த்தவர்கள் ஆலை வாசலில்!

நம் மாநிலத்திலும் பார்த்தோம். மறைமலை நகரில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் கார் செய்த போர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-ல் தொழிலாளிகள் ஆலைக்குள்ளேயே போராடினர். அந்த வண்டி நம்பகமானதுதான் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கம்பெனி யாருக்கு நம்பகமானதாக இருந்தது?

நமது பதில்

எனவே அந்த டீக்கடைத் தோழர்களுக்கு நமது பதில் இது. ஒரு கார் இன்னொன்றைவிட மேலாக இருக்கலாம். அதை அறிந்து சொல்ல நம் டிரைவர்களையும் மெக்கானிக்குகளையும்விடத் தகுதியானவர் இல்லை. ஆனால் எந்த முதலாளியின் பெயரும் நம் நம்பிக்கைக்கு உரியதல்ல. நல்ல வண்டியைச் செய்வது தொழிலாளியின் கை. அந்தக் கையைக் கட்டிப்போடாமல் தடுப்பது மக்கள் போராடிப் பெறும் சட்டம்.

ஆகவே நாம் கேட்கிறோம். அசல் பாகமும் ஸ்கேனரும் கையேடும் கட்டுப்பட்ட விலையில் எல்லாப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும்; புது வண்டி வேலையைப் பட்டறைத் தொழிலாளிகளுக்கு ஐ.டி.ஐ.க்களில் சர்க்கார் செலவில் கற்றுத்தர வேண்டும். 2023 அக்டோபரில் சர்க்கார் தொடங்கிய மோதல் சோதனை, கம்பெனி விரும்பினால் மட்டும் என்றிருக்கிறது. அதை எல்லா வண்டிகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும். கார் ஆலைகளில் ஆண்டுக்கணக்கில் காண்டிராக்டில் உழைப்பவர்களை நிரந்தரமாக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. கொள்ளிடக் கரையிலிருந்து நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் எந்தக் காரில் போகிறார்கள்? குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டியின் பின்னால், நெற்கதிரைப் போல் நெருக்கி நின்றுகொண்டு! அந்த வண்டிக்கு நட்சத்திரம் உண்டா? நின்று போகிறவளுக்கு ஏர்பேக் உண்டா? சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்பவர் அடிபட்டால், நஷ்டஈடு தர இன்ஷூரன்ஸ் கம்பெனி கடமைப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே தீர்ப்பளித்துவிட்டது. கவிழ்ந்தால் கை, கால், உயிர் எல்லாம் அவள் கணக்கில்தான்! நடவுக் காலத்தில் காலையிலும் மாலையிலும் கிராமங்களுக்கு சர்க்கார் பஸ் விட வேண்டும் என்ற கோரிக்கையை லால்குடி தாலுகாவின் ஒவ்வொரு கிராமத்திலும் எழுப்புவோம்.

டீக்கடையில் மாருதியா, டொயோட்டாவா என்று பெஞ்சைத் தட்டிய கைகள், பஸ் கேட்டுத் தாலுகா ஆபீஸ் கதவையும் தட்டட்டும்! உழைப்பாளியின் ஒற்றுமையைவிட நம்பகமான வண்டி உழைப்பாளிக்கு வேறில்லை.