ஆந்தைக் காசு எங்கே தோண்டியது?

நேற்று பேரன் ஒரு காணொலி காட்டினான். பழங்கிரேக்கக் காசு சேகரிப்பவர் ஒருவர் ஏதென்ஸின் ஆந்தைக் காசைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டுகிறார். ஒரு பக்கம் அதீனா, மறுபக்கம் ஆந்தை, கூடவே ஒலிவக் கிளை. சுமார் 17 கிராம் வெள்ளி. விலை சொன்னார், எப்படிக் கழுவினார் என்றும் சொன்னார். எங்கே தோண்டியது என்று மட்டும் வாய் திறக்கவில்லை.

கேட்டால், "ஆயிரக்கணக்கில் கிடக்கிறது சார், ஒன்றில் என்ன போச்சு?" என்பார்கள். போச்சே! ஒரே பானையில் சேர்ந்து கிடந்தால்தான் எது முந்தியது, எது பிந்தியது, எப்போது புதைத்தார்கள் என்று கணிக்க முடியும். பிரித்து ஆளுக்கொன்றாக விற்றால் மிஞ்சுவது வெறும் வெள்ளி.

சீசர் கொலையைக் கொண்டாடி புரூட்டஸ் அடித்த தங்கக் காசு, 2020-ல் லண்டனில் 40 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. காட்டிய பூர்வீகம் பொய். 2023-ல் கிரேக்க நாட்டுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் கதையை உங்களில் எத்தனை பேர் படம் பிடித்துப் போட்டீர்கள்?

காசைக் காட்டவே கூடாது என்று சொல்லவில்லை. அலெக்சாண்டர் பாடம் நடத்தும்போது காட்ட ஒரு நல்ல படம்கூட இல்லாமல் தவித்தவன் நான். யாரிடம் வாங்கினீர்கள், அதற்கு முன் யாரிடம் இருந்தது? அந்த ரசீதையும் அதே கேமரா முன் காட்டுங்கள்.