மூக்கை மாற்றினால் பரிசு கிடைக்குமா?

டிசம்பர் பிறந்தால் ஹாலிவுட்டில் அழுகைக் காலம் பிறக்கும்.

கோடையில் விண்ணில் பறந்து சண்டை போட்ட அதே நடிகர், டிசம்பரில் நோய்ப்படுக்கையில் கிடப்பார். பேரழகி என்று பெயர் வாங்கிய நடிகை, முகத்தைக் கோரமாக்கிக்கொண்டு வருவார். குடித்துக் கெட்ட பாடகர், தனிமையில் வாடும் மேதை, போரில் அடிபட்ட வீரர் என்று வரிசையாகப் படங்கள் வரும்.

எல்லாம் எதற்காக? ஆஸ்கார் பரிசுக்காக!

ஜனவரி முதல் டிசம்பர் வரை வெளிவந்த படங்களுக்கு மறு ஆண்டு பரிசு கொடுக்கிறார்கள். கொடுப்பது 'அகாடமி' என்னும் சினிமாக்காரர்களின் சங்கம். ஓட்டுப் போடுகிறவர்களும் சினிமாக்காரர்களே. மாசி மாதம் பார்த்த படத்தை மறு தை வரை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? ஆகவே, பரிசுக்கென்றே எடுத்த படங்களைப் பட முதலாளிகள் ஆண்டுக் கடைசி வரை பொத்தி வைத்து வெளியிடுகிறார்கள்.

விதிவிலக்கும் உண்டு. 'தி சைலன்ஸ் ஆப் தி லாம்ஸ்' 1991 பிப்ரவரியில் வந்தது. மறு ஆண்டு ஐந்து பெரிய பரிசுகளை அள்ளியது. அது அழுகைப் படமும் அல்ல, பயங்கரப் படம்!

இலை போட்டதும் தெரியும்

கல்யாணப் பந்தியில் இலை போட்டவுடன், எதற்குப் பின் எது வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பரிசுப் படங்களும் அப்படித்தான். முதலில் ஏழ்மை அல்லது நோய். பிறகு திறமை. அதன் பிறகு புகழ். புகழோடு குடி. வீட்டில் மனைவியோடு ஒரு பெரிய சண்டை. கடைசியில் மேடை, கைதட்டல், கண்ணீர். படம் முடிந்ததும், உண்மையான மனிதரின் பழைய போட்டோ ஒன்று திரையில் வரும்!

2023-ல் வந்த 'மேஸ்ட்ரோ' படத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். லெனார்ட் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க இசை மேதையின் கதை. பிராட்லி கூப்பர் என்ற நடிகரே கதையை எழுதுவதில் பங்கு கொண்டு, டைரக்ட் செய்து, நடித்தும் இருக்கிறார். ஒட்டு மூக்கு வைத்துக்கொண்டார். ஒரு பெரிய வாத்திய கோஷ்டியை நடத்தும் காட்சிக்காக ஆறு ஆண்டுகள் பயிற்சி செய்தார். படத்தில் அந்தக் காட்சி ஆறு நிமிஷம்தான். அற்புதமான ஆறு நிமிஷம்! அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் மற்ற நேரமெல்லாம் என்ன? பெர்ன்ஸ்டைன் ஏன் பெரிய மனிதர் என்பது, படம் பார்த்து முடித்தவருக்கும் சரியாக விளங்காது. மனைவியாக நடித்த கேரி முல்லிகன்தான் படத்துக்கு உயிர். ஏழு பரிசுகளுக்கு அந்தப் படம் போட்டியிட்டது. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை!

அதே ஆண்டு வந்த 'தி ஹோல்டோவர்ஸ்' படமும் தெரிந்த கதைதான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீடு போக முடியாத ஒரு மாணவன். யாருக்கும் பிடிக்காத ஒரு வாத்தியார். இருவரும் கடைசியில் ஒட்டிக்கொள்வார்கள் என்பது பத்தாவது நிமிஷமே தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன? ராமன் ஜெயிப்பான் என்று தெரிந்துதானே ராமாயணம் கேட்கிறார்கள்! அந்தப் பள்ளிச் சமையல்காரியின் மகன் வியட்நாம் போரில் இறந்தவன். விருந்துக்குப் போன வீட்டில், அடுப்பங்கரையில் நின்று அவள் உடைந்து போகும் காட்சி ஒன்று இருக்கிறது. அந்த வேஷத்தில் நடித்த டாவைன் ஜாய் ரேண்டால்புக்கு 2024-ல் பரிசு கொடுத்தார்கள். முறையான பரிசு.

ரசம்தான் ஜெயிக்கும்

முடிவு முன்பே தெரிவது ஆஸ்காருக்குப் புதிதல்ல. 1929-ல் நடந்த முதல் விழா கால் மணி நேரத்தில் முடிந்தது. யார் யாருக்குப் பரிசு என்று மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டார்கள். 1940-ல் ஒரு பத்திரிகை, விழாவுக்கு முன்பே முடிவை வெளியிட்டுவிட்டது. அதன் பிறகுதான், 1941 முதல், உறையில் போட்டு ஒட்டும் வழக்கம் வந்தது.

இப்போது உறை இருக்கிறது; ரகசியம்தான் இல்லை. ஆஸ்காருக்கு முன்பே டைரக்டர்கள் சங்கம், நடிகர்கள் சங்கம், தயாரிப்பாளர்கள் சங்கம் எல்லாம் தனித்தனியே பரிசு கொடுத்துவிடுகின்றன. டைரக்டர்கள் சங்கத்தின் பரிசு பெற்றவருக்கே டைரக்டருக்கான ஆஸ்காரும் பெரும்பாலும் போகிறது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இப்படி நடந்துவருகிறது. மாறிப்போனது பத்துத் தடவைகூட இல்லை.

ஓட்டு எண்ணும் முறையும் ஒரு காரணம். சிறந்த படத்துக்குப் போட்டியிடும் பத்துப் படங்களையும் முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்தி எழுத வேண்டும். பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்கும் படத்தை நீக்குவார்கள். அதற்கு விழுந்த ஓட்டுகள், அந்தச் சீட்டுகளில் அடுத்ததாக எழுதிய படங்களுக்குப் போகும். ஒரு படத்துக்குப் பாதிக்கு மேல் சேரும் வரை இப்படியே எண்ணுவார்கள்.

வத்தக் குழம்பு சிலருக்கு உயிர், சிலருக்கு ஆகாது. ரசம் யாருக்கும் பகை இல்லை. இந்தக் கணக்கில் ரசத்துக்குத்தான் வெற்றி! இருந்தாலும், 2020-ல் கொரியாவின் 'பாரசைட்' இதே கணக்கில்தான் ஜெயித்தது. அது நல்ல காரமான படம்.

இன்னொரு வேடிக்கை. போட்டியில் உள்ள படங்களை எல்லாம் பார்த்தவர்தான் கடைசிச் சுற்றில் ஓட்டுப் போடலாம் என்று 2025 ஏப்ரலில் ஒரு புது விதி வந்தது. அதுவரை?

இரண்டு கைகள்

'தி அவர்ஸ்' படத்தில் ஒட்டு மூக்கு வைத்து நடித்த நிக்கோல் கிட்மனுக்கு 2003-ல் பரிசு. 'மான்ஸ்டர்' படத்துக்காக உடல் பெருத்து, அழகைக் கெடுத்துக்கொண்ட சார்லிஸ் தெரானுக்கு 2004-ல் பரிசு. 'தி ரெவனன்ட்' படத்துக்காகக் கடுங்குளிரில் காட்டெருமையின் பச்சை ஈரலைத் தின்ற டிகாப்ரியோவுக்கு 2016-ல் பரிசு. மூவரும் நல்ல நடிகர்களே. ஆனால் நடிப்பை நிறுக்கத் தராசு இல்லை. பட்ட பாடு கண்ணுக்குத் தெரிகிறது. தெரிவதற்கு ஓட்டு விழுகிறது. உலகத்தையே சிரிக்க வைத்த சார்லி சாப்ளினுக்குக் கௌரவப் பரிசு கிடைத்ததே தவிர, நடிப்புப் போட்டியில் ஒரு பரிசும் கிடைக்கவில்லை!

ஊனமுற்றவராக நடித்தவர்களும் நிறையப் பரிசு வாங்கியிருக்கிறார்கள். பார்வையற்றவராக அல் பசினோ, சக்கர நாற்காலியில் விஞ்ஞானி ஹாக்கிங்காக எடி ரெட்மேன். விழா மேடைக்கு அவர்கள் நடந்து போய்ப் பரிசு வாங்கினார்கள். வேஷமே இல்லாமல் வந்தவர்களின் கதை வேறு.

ஹெரால்டு ரஸ்ஸல் ஓர் அமெரிக்கச் சிப்பாய். 1944-ல் பயிற்சியின்போது வெடி வெடித்து இரண்டு கைகளையும் இழந்தார். கைக்குப் பதில் இரும்புக் கொக்கிகள். 1946-ல் வந்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆப் அவர் லைவ்ஸ்' படத்தில், போரிலிருந்து வீடு திரும்பும் மாலுமியாக நடித்தார். அதற்கு முன் அவர் நடிகரே அல்ல. போட்டியில் ஜெயிக்கமாட்டார் என்று நினைத்து, அகாடமி அவருக்கு ஒரு கௌரவப் பரிசு கொடுத்தது. அதே இரவு போட்டியிலும் ஜெயித்தார். ஒரே வேஷத்துக்கு இரண்டு ஆஸ்கார்!

பிறகு? ஹாலிவுட்டில் அவருக்கு வேலை அதிகம் வரவில்லை. 1992-ல், மனைவியின் வைத்தியச் செலவுக்காக, ஒரு பரிசை ஏலத்தில் விற்றார். கிடைத்தது 60,500 டாலர்.

2021-ல் 'கோடா' என்று ஒரு படம் வந்தது. காது கேளாத மீனவக் குடும்பம். அதில் மகளுக்கு மட்டும் காது கேட்கும். அவள் பாடகி ஆக விரும்புகிறாள். கதை எங்கே போய் முடியும் என்று எவரும் சொல்லிவிடலாம். இதற்கு மூலமான பிரெஞ்சுப் படத்தில், காது கேட்கும் நடிகர்களே காது கேளாத பெற்றோராக நடித்தார்கள். இங்கேயும் அப்பா வேஷத்துக்கு அப்படி ஒருவரைப் போடலாம் என்ற பேச்சு எழுந்தது. "அப்படியானால் நான் விலகிவிடுவேன்" என்றார், அம்மாவாக நடித்த மார்லி மாட்லின். அவர் உண்மையிலேயே காது கேளாதவர். 1987-ல் ஆஸ்கார் வாங்கியவர்.

அப்பாவாக டிராய் கோட்சர் வந்தார். அவருக்கும் காது கேட்காது. படத்தில் மகள் மேடையில் பாடும்போது சட்டென்று சத்தம் நின்றுவிடும். அப்பாவுக்கு எப்படியோ, பார்ப்பவர்களுக்கும் அப்படி. தன் மகள் எப்படிப் பாடுகிறாள் என்று, மற்றவர்களின் முகத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வார். வீடு திரும்பியதும் அவளை மறுபடி பாடச் சொல்லி, அவள் கழுத்தில் கை வைத்துப் பாட்டை உணர்வார். எந்த ஒட்டு மூக்கும் இதைச் செய்யாது.

2022-ல் கோட்சருக்குப் பரிசு அறிவித்தபோது, கூட்டத்தினர் கைதட்டவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தி அசைத்தார்கள். காது கேளாதவர்களின் கைதட்டல் அது. பரிசைக் கொடுத்தவர் கொரிய நடிகை யூன் யோ-ஜங். கோட்சர் பேச வேண்டுமானால் இரண்டு கைகளும் வேண்டும். அந்த அம்மாள் பரிசைத் தம் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, அவர் பேசி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.