ஆயில் எப்போது மாற்றுவது? புத்தகம் சொல்வதும் மலை சொல்வதும்

போன ஞாயிற்றுக்கிழமை துருகம் சாலையில் ஒரு மெக்கானிக் கடையில் சின்னத் தகராறு. என் சம்பந்தி தன் பெட்ரோல் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஆயில் மாற்றி 14 மாதம் ஆகிறது, ஓடியது 2,300 கிலோமீட்டர்தான். "மாத்திடணும் சார்" என்கிறார் மெக்கானிக். "புக்குல 10,000னு போட்டிருக்கான், நீ என்கிட்டயே வியாபாரம் பண்றியா?" என்கிறார் சம்பந்தி.

பக்கத்தில் ஒரு தம்பி பைக்கோடு நின்றுகொண்டிருந்தார். மருந்துக் கம்பெனி வேலை. தினமும் உளுந்தூர்பேட்டை வரை போய் வருகிறவர். மாதம் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, மாதா மாதம் ஆயில் மாற்றுகிறாராம். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"சம்பந்தி, நீங்க மாத்திடுங்க. தம்பி, உங்களுக்கு இப்ப வேண்டாம், அளவை மட்டும் பாருங்க" என்றேன். 2,300 ஓடிய காருக்கு மாற்று, மாதம் 2,000 ஓடும் பைக்குக்கு வேண்டாம் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அங்கே நின்றபடி விளக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பாவிடம் ஒரு கட்டை வண்டி இருந்தது. வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, வண்டி மை தயாரிப்பார். அச்சுக்கு எப்போது மை போடுவது என்று அவரிடம் கணக்குப் புத்தகம் எதுவும் கிடையாது. கரும்புப் பாரம் என்றால் அடிக்கடி, வெறும் வண்டி என்றால் எப்போதாவது. மழையில் நனைந்தால் உடனே. எத்தனை மைல் ஓடியது என்று அவர் எண்ணியதே இல்லை. வண்டி என்ன பாடுபட்டது என்பதுதான் அவருக்குக் கணக்கு.

அந்த விளக்கெண்ணெயைக் குறைவாக நினைக்க வேண்டாம். லண்டனில் 1899இல் சார்லஸ் வேக்ஃபீல்ட் தொடங்கிய எண்ணெய்க் கம்பெனி, ஆமணக்கு எண்ணெய் கலந்து தயாரித்த என்ஜின் ஆயிலுக்கு 1909இல் வைத்த பெயர்தான் காஸ்ட்ரால். ஆமணக்கின் ஆங்கிலப் பெயரே அதற்குள் இருக்கிறது. முதல் உலகப் போரில் பல விமான என்ஜின்களும் விளக்கெண்ணெயில்தான் ஓடின.

அப்பாவின் கணக்கு சரி என்பதை நான் புரிந்துகொண்டது வேலைக்குப் போன பிறகு. ஒரு சர்க்கரை ஆலையில் கரும்பு அலுவலராக 31 ஆண்டுகள் இருந்தேன். அரவைக் காலத்தில் ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். ஓரடி நகரும், நிற்கும். என்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்ற பயத்தில் பலர் அணைக்கவே மாட்டார்கள். நாளெல்லாம் ஓடிய என்ஜின், நகர்ந்த தூரம் ஒரு கிலோமீட்டர் இருக்காது. அதனால்தான் டிராக்டரில் மணிக் கணக்கு காட்டும் மீட்டரை வைத்திருக்கிறார்கள். "250 மணி ஆச்சு, ஆயில் மாத்தணும்" என்று எழுதப் படிக்கத் தெரியாத டிரைவர்கூடச் சொல்வார். அதே மனிதர் பைக்கில் ஏறினால் கிலோமீட்டரைப் பார்க்கிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலம் நெடுஞ்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் 3,000 கிலோமீட்டர் ஓட 60 மணி நேரம் ஆகும். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற பைக், வளைவுகளில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக மணிக்கு 20 என்று போனால், அதே 3,000 கிலோமீட்டருக்கு 150 மணி நேரம். அதுவும் இரண்டு பேர், ஒரு மூட்டை, முறுக்கிப் பிடித்த ஆக்சிலேட்டர். மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். உள்ளே இருக்கும் ஆயில் பட்ட பாடு ஒன்றல்ல.

பைக்குக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. காரில் என்ஜினுக்குத் தனி ஆயில், கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில். நம் சாதாரண பைக்குகளில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். அளவோ ஒரு லிட்டருக்கும் குறைவு. கியர் பற்களுக்கு நடுவில் நசுங்குவதும் அதுதான், கிளட்ச் தேயும் துகளைச் சுமப்பதும் அதுதான். குளிர வைக்கக் காற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதனால்தான் கார் ஆயிலை பைக்கில் ஊற்றக் கூடாது என்கிறோம். கார் ஆயில்களில் பலவற்றில் வழுக்கலைக் கூட்டும் மருந்து சேர்த்திருப்பார்கள், கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிடும். பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

"ஆயில் கருத்துப் போச்சு சார்" என்பது மெக்கானிக்குகள் எல்லோரும் சொல்லும் வாக்கியம். கருத்துப் போவது கெட்டுப் போவதற்கு அடையாளம் அல்ல. ஆயிலில் அழுக்கை எடுத்துத் தன்னோடு சுமக்கும் மருந்து கலந்திருக்கிறது. துணி துவைத்த தண்ணீர் கறுப்பதுபோல, வேலை செய்கிறது என்பதற்கே அது அடையாளம். டீசல் என்ஜினில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கருத்துவிடும். நிறத்தைப் பார்த்து மாற்றுவதென்றால் டீசல் கார்க்காரர் சொத்தை விற்க வேண்டியதுதான்.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை உண்டு. 3,000 மைலுக்கு, அதாவது சுமார் 4,800 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அங்கே தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். 1996இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் பத்திரிகை நியூயார்க் டாக்சிகளில் சோதித்துப் பார்த்தது. சிலவற்றுக்கு 3,000 மைலில் ஆயில் மாற்றினார்கள், சிலவற்றுக்கு 6,000 மைலில். 60,000 மைல் ஓடியபின் என்ஜின்களைப் பிரித்துத் தேய்மானத்தை அளந்தார்கள். சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசமே இல்லை. கலிபோர்னியா அரசே பின்னாளில் "புத்தகத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள், அதற்கு முன் மாற்றி எண்ணெயை வீணாக்காதீர்கள்" என்று பிரச்சாரம் செய்தது.

இதைப் படித்த உற்சாகத்தில்தான் நான் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு, மலையிலிருந்து புளியும் கடுக்காயும் மூட்டை கட்டிக் கீழே கொண்டுவந்து விற்கும் ஒரு பையன் பழக்கமானான். புது பைக் வாங்கியிருந்தான். 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவான். நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். "தம்பி, புக்குல 6,000னு தெளிவா போட்டிருக்கு. ஏன் காசைக் கரியாக்கற?" என்றேன். படித்தவர் சொல்கிறார் என்று நம்பினான்.

ஐந்தாயிரம் சொச்சத்தில், மலை இறங்கும் வழியில் என்ஜின் பிடித்துக்கொண்டது. பின்னால் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்த நாள் அது. வளைவில் பின்சக்கரம் அப்படியே நின்று, இருவரும் சாலையில் விழுந்தார்கள். நல்லவேளை, பள்ளத்தின் பக்கம் விழவில்லை. சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அந்தத் தேதி போயிற்று. அடுத்த தேதிக்கு மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் அந்த அம்மாள் சுவரைத் தடவித் தடவி நடந்தார்.

என்ஜினைப் பிரித்தபோது உள்ளே ஆயில் கால் பங்குகூட இல்லை. சொட்டு எதுவும் கீழே விழவில்லை. மலையேற்றத்தில் சிறிது சிறிதாக எரிந்து தீர்ந்திருக்கிறது. புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 6,000 என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே, அளவை அடிக்கடி பார்த்துக் குறைந்தால் ஊற்றவும் என்று இருந்தது. கடினமான பாதையில் ஓட்டினால் இன்னும் சீக்கிரம் மாற்றவும் என்று இன்னொரு பக்கத்தில் இருந்தது. நான் எண்ணை மட்டும் படித்துவிட்டு, அதை மட்டும் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். ரிப்பேர் செலவில் பாதியை நான் கொடுத்தேன். அவன் வேண்டாம் என்றான், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். அந்த மூன்று மாதத்தை யார் கொடுப்பது?

நியூயார்க் டாக்சிக் கதையிலும் நான் ஒன்றைக் கவனிக்கத் தவறியிருந்தேன். டாக்சி காலையில் சூடானால் ராத்திரிவரை சூடாகவே ஓடும். ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் அந்தச் சூட்டில் ஆவியாகிவிடும். என் சம்பந்தி கார் அப்படியா? வாரத்துக்கு ஒருநாள் பெருமாள் கோயில், ஒருநாள் மார்க்கெட். என்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி ஆயிலைக் கெடுக்கிறது. அதனால்தான் புத்தகத்தில் "10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது" என்று போடுகிறார்கள். சம்பந்தி என்னைப் போலவே முதல் பாதியை மட்டும் படித்தார்.

ஆகவே என் கட்சி இதுதான்.

சமவெளியில் ஓடும் பைக்குக்குப் புத்தகத்தில் உள்ள கணக்கே போதும். மருந்துக் கம்பெனித் தம்பி மாதாமாதம் மாற்றத் தேவையில்லை. மலையில் ஓடுகிறவர், பாரம் ஏற்றுகிறவர், மண் பாதையில் போகிறவர் அந்தக் கணக்கைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். காருக்குப் புத்தகக் கணக்கு. ஓட்டவே இல்லை என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை. நம் வயதுக்காரர்களின் கார்களில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகைதான்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரியை எரிக்க என்ஜின் கூடுதலாக டீசலைத் தெளிக்கும். நடுவிலேயே வண்டியை அணைத்து அணைத்து ஓட்டினால், அந்த டீசல் ஆயிலில் இறங்கலாம். அப்போது அளவு குறைவதற்குப் பதில் கூடும். கூடினால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றிய மோர் மாதிரி ஆயில் நீர்த்துவிடும். உடனே காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போது மாற்றுவது என்பதைவிட எவ்வளவு இருக்கிறது என்பது முக்கியம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பைக்கைச் சமதரையில் நடு ஸ்டாண்டு போட்டு, என்ஜினைச் சிறிது ஓட்டி அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். பல பைக்குகளில் அதைத் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுக்க வேண்டும். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருந்தால் சரி. கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் கெடுதல்தான்.

கடைசியாக, பழைய ஆயில். சில காலம் நான் வீட்டிலேயே ஆயில் மாற்றினேன். எடுத்ததைக் கொல்லையில் கரையான் புற்றில் ஊற்றினேன். ஒரு மழைக்குப் பிறகு கிணற்றில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. குடத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீருக்குப் போனாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பழைய ஆயில் அபாயக் கழிவு என்று 2016 விதிகள் சொல்கின்றன. 2024 ஏப்ரல் முதல், அதைத் திரும்பப் பெற்றுச் சுத்திகரிக்கும் பொறுப்பில் தயாரிப்பாளர்களையும் சேர்த்திருக்கிறார்கள். மலையில் ஊற்றினால் ஓடை வழியாகக் கோமுகி அணைக்கு வரும், அணையிலிருந்து நம் வயலுக்கு வரும். ஒரு கேனில் பிடித்து, பேரல் வைத்திருக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். தேவைக்கு முன்னாலேயே மாற்றுவதை நான் எதிர்ப்பதற்கும் இதுவே காரணம். காசு மட்டும் வீணாகவில்லை, இன்னொரு லிட்டர் கறுப்பு எண்ணெய் கூடுகிறது.

அந்த மலைப் பையனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சரக்கு ஏற்றும் சின்ன வண்டி ஒன்று வாங்கியிருக்கிறான். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது பலாப்பழம் ஒன்றை இறக்கி வைத்துவிட்டு, வாசலில் நின்ற என் பைக் பக்கம் போனான். டிப்ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்துப் பார்த்தான்.

"கம்மியா இருக்கு சார்" என்றான்.

கீழ்க்கோட்டுக்கு ஒரு நூல் கீழே இருந்தது.