பயன்படுத்துபவர் ஒருவர், பணம் தருபவர் வேறொருவர்

புதிய பொருளொன்றைச் சந்தைக்குக் கொண்டுவர விரும்பும் இளைஞர்கள் கடன் கேட்டுக் கிளைக்கு வரும்போது, அவர்கள் தரும் திட்ட அறிக்கையில் நாம் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கங்களையே. பொருளின் சிறப்பும் சந்தையின் அளவும் போட்டியாளர்களின் குறைகளும் முன்பக்கங்களில் விரிவாக இருக்கும். வருமானம் எவ்வழியில் வரும் என்பது மட்டும் இரண்டே வரிகளில் முடிந்துவிடும்: தொடக்கத்தில் இலவசம், பின்னர் மாதச் சந்தா. அந்த இரண்டு வரிகளுக்குப் பொருளை உருவாக்குவதற்கு ஈடான உழைப்பு தேவை என்பது நம் கருத்து.

கொச்சியில் மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, காயல் சூழ்ந்த கும்பளங்கியைத் தமிழர் பலர் 2019இல் வெளிவந்த 'கும்பளங்கி நைட்ஸ்' திரைப்படத்தின் வழியே அறிவர். 2022 ஜனவரியில் அவ்வூர் வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் இடம்பெற்றது. நாட்டிலேயே சானிட்டரி நாப்கின் இல்லாத முதல் ஊராட்சியாக அதனை அன்றைய கேரள ஆளுநர் ஆரிப் முகமது கான் அறிவித்தார். எர்ணாகுளம் நாடாளுமன்ற உறுப்பினர் ஹைபி ஈடன் முன்னெடுத்த 'அவள்க்காயி' திட்டத்தின் கீழ், பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். சார்ந்த மேலாண்மைக் கழகமும் இந்தியன் ஆயில் நிறுவனமும் துணைநிற்க, 18 வயது நிரம்பிய பெண்களுக்கு 5,000க்கும் மேற்பட்ட மாதவிடாய்க் கப்கள் வழங்கப்பட்டன. பயன்படுத்தும் முறை குறித்துப் பயிற்சியும் அளிக்கப்பட்டது.

இது ஸ்டார்ட்அப் நிறுவனத்தின் கதையன்று. ஆயினும் வருமான முறை என்னும் கேள்வி இவ்வளவு தெளிவாகப் புலப்படும் வேறிடத்தை நாம் அறியோம். மாதம் 100 ரூபாய் நாப்கினுக்குச் செலவிடும் ஒரு பெண், 400 ரூபாய்க்கு ஒரு கப் வாங்குவதாகக் கொள்வோம். நான்கே மாதங்களில் அவர் போட்ட பணம் திரும்பிவிடும். அதன்பின் ஆண்டுக்கு 1,200 ரூபாய் மிச்சம். குப்பையும் குறையும். வாங்குபவருக்கு இத்தனை ஆதாயமான பொருள், விற்பவருக்கு அத்தனை சங்கடமானது. முறையாகப் பேணினால் கப் பல ஆண்டுகள் உழைக்கும். அதுவரை அந்த வாடிக்கையாளர் திரும்பி வரப்போவதில்லை. நாப்கின் விற்பவருக்கோ அடுத்த மாதமே அடுத்த விற்பனை. நல்ல பொருள் சந்தையில் தோற்பதற்கு அதன் தரம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பணம் வரும் கால இடைவெளியே போதும்.

இத்தகைய கப் தயாரிக்கும் இளம் நிறுவனமொன்று, ஓர் ஊராட்சித் திட்டத்துக்கு 5,000 கப் வழங்கிவிட்டு, "எமக்கு 5,000 வாடிக்கையாளர்கள்" என்று அறிக்கையில் எழுதினால் நாம் ஏற்கமாட்டோம். பயன்படுத்துவோர் 5,000 பேர். பணம் தந்த வாடிக்கையாளர் ஒருவரே. அவர் தந்ததும் ஒரே ஆணை. அடுத்த ஆண்டு சமூகப் பொறுப்பு நிதி பள்ளிக் கட்டடத்துக்குப் போகலாம். நிறுவனங்களுக்கு விற்பது தவறன்று. ஆனால் அதைச் சார்ந்து மாதத் தவணைக் கடன் வாங்குவது ஆபத்து. பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாட்களுக்குள் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்பாதுகாப்பைப் பெற உத்யம் பதிவு வேண்டும். பதிவு செய்யாமலே பெரிய ஆணைகளை ஏற்றுவிட்டுப் பின்னர் பணத்துக்காக அலைவோரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதே துறையில் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் தேர்ந்த வழி நம் கவனத்துக்கு உரியது. குறைந்த செலவில் நாப்கின் தயாரிக்கும் இயந்திரத்தை வடிவமைத்த அவர், தாமே நாப்கின் விற்கப் புறப்படவில்லை. புறப்பட்டிருந்தால் விளம்பரத்திலும் விநியோகத்திலும் பன்னாட்டு நிறுவனங்களோடு மோத வேண்டியிருந்திருக்கும். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இயந்திரத்தை விற்றார். குழுக்கள் தத்தம் பகுதியில் நாப்கின் செய்து விற்றன. 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததும், 2018இல் அவர் கதை இந்தித் திரைப்படமானதும் பலருக்குத் தெரியும். வங்கியாளர் கண்ணுக்குத் தெரிவது வேறு. நபார்டு 1992இல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கிய சுய உதவிக் குழு வங்கி இணைப்பு, அவர் இயந்திரம் விற்கத் தொடங்குவதற்கு முன்பே ஊர்தோறும் வேரூன்றியிருந்தது. ஒரு பெண் தனியாக வாங்க முடியாத இயந்திரத்தைக் குழு கடன் பெற்று வாங்க முடியும். வாங்குபவரிடம் பணம் இல்லாதபோது, பணம் எங்கிருந்து வரக்கூடுமோ அங்கே பொருந்தும்படி விற்பனை முறை அமைந்திருந்தது. அதிலும் ஒரு கடினம் உண்டு. இயந்திரம் விற்றதும் விற்றவருக்கு வருமானம் முடிந்தது. மூலப்பொருளும் சந்தையும் குழுவின் சுமையாகின்றன.

கட்டணமே வாங்க முடியாத இடத்திலும் வழி கண்டவர்கள் உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செல்லும் யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகரிடம் கட்டணம் பெறலாகாது என்பது 2020 ஜனவரி 1 முதல் நடைமுறை. செயலி நடத்தும் நிறுவனங்களுக்கு அந்த வாசல் அடைபட்டது. இன்று பெட்டிக்கடையிலும் "பணம் பெறப்பட்டது" என்று குரல் கொடுக்கும் சிறு ஒலிப்பெட்டிக்கு வணிகர் மாத வாடகை தருகிறார். பணம் செலுத்துபவர் திரையில் எதைக் காட்டினாலும் நம்பவேண்டிய நிலையிலிருந்து அவரை அப்பெட்டி காக்கிறது. அந்த நிம்மதிக்குத்தான் வாடகை.

எல்லாவற்றையும் மாதச் சந்தாவாக்கும் பழக்கம் மென்பொருள் உலகிலிருந்து வந்தது. அங்கு அது பொருந்தலாம். கேரளக் கடலில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் விசைப்படகு இழுவலைக்குத் தடை. தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள். படகு உரிமையாளருக்கு ஒரு செயலியை மாதச் சந்தாவில் விற்பவர், தடைக்காலத்தில் எதை வசூலிப்பார்? கடலுக்குச் செல்லும் பயணத்துக்கு இவ்வளவு என்று வைத்தால் படகுக்காரர் முகம் சுளிக்காமல் தருவார். கொச்சிக் கோட்டைப் பகுதி டோபி கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் துணியை எண்ணித்தான் கூலி வாங்குகின்றன. எந்த மேலாண்மைக் கல்லூரியும் அவர்களுக்கு அதைக் கற்பிக்கவில்லை.

இலவசமாகத் தொடங்குவதை நாம் முற்றிலும் மறுக்கவில்லை. பெரு முதலீட்டாளரின் பணத்தில் ஐந்தாண்டு காத்திருக்கக்கூடியவர் அதைச் செய்யட்டும். வங்கிக் கடனில் தொடங்குபவரால் முடியாது. தவணை அடுத்த மாதமோ, சலுகைக் காலம் முடிந்த மறுமாதமோ வந்து நிற்கும். தனிப்பயிற்சி நிலையங்களுக்கான மென்பொருளை ஓராண்டு இலவசமாகக் கொடுத்த ஓர் இளைஞருக்கு நாமே கடன் பரிந்துரைத்ததுண்டு. மாதம் 300 ரூபாய் என்று அறிவித்ததும் பெரும்பாலானோர் விலகினர். அந்த ஓராண்டில் அவர் அறிந்தது, மென்பொருளை மக்கள் விரும்புகிறார்கள் என்பதை மட்டுமே. அதற்குப் பணம் தருவார்களா என்பதையன்று. அறிக்கையைப் படித்தபோது நாமும் அக்கேள்வியைக் கேட்கத் தவறினோம்.

ஆகவே முத்ரா திட்டத்தில் 5 லட்சமோ 10 லட்சமோ கேட்டு வருவோர், சந்தை குறித்த வரைபடங்களுடன் சில பில்களையும் கொண்டுவரலாம். உறவினர் அல்லாத பத்துப் பேர் முழு விலை கொடுத்து வாங்கியதற்கான பில்கள். அவர்களுள் இரண்டாம் முறை வாங்கியவர் எவரேனும் இருந்தால் அதற்கான பில்லும். தொகை சிறிதாக இருந்தாலும் குறையில்லை. அவற்றை வைத்துக்கொண்டு, தவணையை மாதந்தோறும் வைப்பதா, பருவந்தோறும் வைப்பதா என்று மேலாளரோடு பேசத் தொடங்கலாம்.